ஏஎம்ஹெச், எஃப்எஸ்ஹெச், ஸ்கேன்: எந்தக் கேள்விக்கு எந்தச் சோதனை?

தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, டோம்பிவிலியிலிருந்து என் தங்கை மகள் மும்பை மாட்டுங்காவில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தாள். ஸ்டேஷன் வாசலில் ஒரு முழம் பூவாவது வாங்காமல் வரமாட்டாள். அன்று வெறுங்கையோடு வந்தாள். செருப்பைக் கழற்றும் முன்பே போனை என்னிடம் நீட்டினாள். "பெரியம்மா, எனக்கு முட்டையெல்லாம் தீர்ந்துவிட்டதாம்."

அவள் அலுவலகத்தில் ஆண்டுதோறும் செய்யும் முழு உடல் பரிசோதனையின் ரிப்போர்ட் அது. சர்க்கரை, கொழுப்பு, தைராய்டு, வைட்டமின் டி எல்லாம் தாண்டிக் கடைசிப் பக்கத்தில், கருமுட்டை எவ்வளவு மிச்சம் என்று ஊகிக்க உதவும் ஹார்மோனான ஏஎம்ஹெச் 0.9 என்று சிவப்பு எழுத்தில் இருந்தது. அவளுக்கு வயது 31. ரிப்போர்ட் வந்த மறுநாளே யாரோ ஒரு பெண்மணி போன் செய்து, "தாமதிக்காதீர்கள், முட்டையை உறையவைத்துவிடுங்கள், இல்லையென்றால் நேராக ஐவிஎஃப், அதாவது சோதனைக்குழாய் முறை, செய்துகொள்ளுங்கள்" என்று சொல்லி, தவணையில் கட்டும் வழியையும் விளக்கியிருக்கிறாள். இவளும் கணவரும் குழந்தை வேண்டும் என்று முடிவெடுத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை.

சயானில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் நான் 22 ஆண்டுகள் வேலை பார்த்தேன். மஞ்சள் மூடிக் குழாயில் வரும் ரத்தத்தை உறையவிட்டு, சுழற்றி, மேலே தெளியும் சீரத்தை இயந்திரத்தில் வைத்து, வரும் எண்ணைப் பதிவு செய்வது என் வேலை. நான் மருத்துவர் இல்லை. சிகிச்சை சொல்ல எனக்கு உரிமையும் இல்லை. ஆனால் அந்த எண் எங்கிருந்து பிறக்கிறது, எப்போது நம்பலாம், எப்போது நம்பக்கூடாது என்பது எனக்குத் தெரியும். அன்று அவளிடம் மூன்று மணி நேரம் பேசியதை, அவளைப் போலப் பயந்து உட்கார்ந்திருக்கும் மற்றப் பெண்களுக்காக எழுதுகிறேன்.

பெண் குழந்தை தாய் வயிற்றில் ஐந்து மாதக் கருவாக இருக்கும்போதே அதன் சினைப்பைகளில் 60, 70 லட்சம் முட்டைகள் இருக்கும். பிறக்கும்போது 10 முதல் 20 லட்சம். வயதுக்கு வரும்போது 3, 4 லட்சம். வாழ்நாள் முழுவதும் முதிர்ந்து வெளியே வருபவை 400 அளவில்தான்; மற்றவை மாதந்தோறும் தாமாகவே கரைந்துவிடும். கருத்தடை மாத்திரை சாப்பிட்டாலும், கர்ப்பமாக இருந்தாலும் இந்தக் கரைதல் நிற்பதில்லை. மீதமிருப்பதைத்தான் கருமுட்டை இருப்பு என்கிறோம். அதை நேரடியாக எண்ணிச் சொல்லும் சோதனை எதுவும் இல்லை. மொட்டைமாடித் தொட்டிக்குள் எட்டிப் பார்க்க முடியாதபோது, குழாயில் தண்ணீர் விழும் வேகத்தை வைத்து எவ்வளவு மிச்சம் என்று ஊகிப்போமே, எல்லாச் சோதனைகளும் அப்படித்தான். எந்தக் குழாயைத் திறந்து பார்க்கிறோம் என்பதில்தான் வேறுபாடு.

பழைய குழாய்: எஃப்எஸ்ஹெச்

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எல்லா மருத்துவர்களும் எழுதிக் கொடுத்தது இதைத்தான். மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி, முட்டையை வளர்க்கச் சொல்லிச் சினைப்பைக்கு அனுப்பும் ஹார்மோன் இது. சினைப்பையில் முட்டைகள் போதுமான அளவு இருந்தால் மெல்லச் சொன்னாலே வேலை நடக்கும். குறையக் குறைய, பதில் வராத வீட்டு வாசலில் நின்று குரலை உயர்த்திக் கூப்பிடுவதுபோல, எஃப்எஸ்ஹெச் ஏறிக்கொண்டே போகும். மாதவிடாயின் 2, 3, 4ஆம் நாட்களில் எடுத்தால்தான் இந்த எண்ணுக்குப் பொருள் உண்டு. 10 யூனிட்டைத் தாண்டினால் மருத்துவர்கள் இருப்பு குறைகிறதோ என்று யோசிப்பார்கள்.

இதன் பெரிய குறை, பின்தங்கிச் சொல்வது. இருப்பு நன்றாகக் குறைந்த பிறகே எஃப்எஸ்ஹெச் ஏறும். மாதத்துக்கு மாதம் மாறவும் செய்யும். ஒரு மாதம் 12 வந்தவளுக்கு அடுத்த மாதம் 8 வரும். இன்னொரு பொறியும் இருக்கிறது. அதை ஒரு முறை கண்ணெதிரே பார்த்தேன். 39 வயதுப் பெண் ஒருத்தி மூன்றாம் நாள் ரத்தம் கொடுத்தாள். எஃப்எஸ்ஹெச் 7. ரிப்போர்ட்டைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனாள். சீட்டில் எஸ்ட்ராடியால், அதாவது சினைப்பை சுரக்கும் பெண் ஹார்மோன், எழுதப்படவில்லை. அடுத்த மாதம் வேறொரு மருத்துவர் இரண்டையும் சேர்த்து எழுதியபோது எஃப்எஸ்ஹெச் 16, எஸ்ட்ராடியால் 40. முந்தைய மாத சீரம் குளிர்பெட்டியில் மிச்சமிருந்ததால், மருத்துவர் கேட்டுக்கொண்டபடி அதிலும் எஸ்ட்ராடியால் பார்த்தோம். 95 இருந்தது. எஸ்ட்ராடியால் 60 முதல் 80 வரையுள்ள எல்லையைத் தாண்டினால் அது மூளைக்குப் போய் எஃப்எஸ்ஹெச்சை அமுக்கிவிடும். முதல் மாதம் வந்த 7 அப்படி அமுங்கிய 7. அதனால் சொல்கிறேன்: எஃப்எஸ்ஹெச் எடுப்பதானால் எஸ்ட்ராடியாலையும் சேர்த்தே எடுக்க வேண்டும். எஃப்எஸ்ஹெச்சைத் தனியாக எடுத்தால், வந்திருப்பது உண்மையான எண்ணா அமுங்கிய எண்ணா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

இவ்வளவு குறை இருந்தும் ஓர் இடத்தில் எஃப்எஸ்ஹெச்சுக்கு ஈடு இல்லை. 40 வயதுக்கு முன்பே நான்கு மாதம், அதற்கு மேலும் மாதவிடாய் வராமல் நின்றுபோனால், சினைப்பை முன்கூட்டியே ஓய்ந்துவிட்டதா என்பதை எஃப்எஸ்ஹெச்தான் சொல்லும். அங்கே 25க்கு மேல் என்பதுதான் கோடு. அந்த நிலையில் பேச்சு குழந்தையோடு முடிவதில்லை. எலும்பும் இதயமும் சேர்ந்த சிகிச்சை தேவைப்படும்.

புதிய குழாய்: ஏஎம்ஹெச்

2000களின் தொடக்கத்தில்தான் இது சினைப்பை இருப்புக்கான சோதனையாக வந்தது. அதற்கு முன் இந்த ஹார்மோனை ஆண் கருவோடு சேர்த்தே பேசினார்கள். ஆண் கருவில் கருப்பையாக வளரக்கூடிய குழாயை மறையச் செய்வது இதுதான். பெண்ணிடம், சினைப்பையில் முட்டையைச் சுற்றியிருக்கும் சிறு நீர்ப்பைகள், அதாவது வளரத் தொடங்கிய சின்ன ஃபாலிக்கிள்கள், இதைச் சுரக்கின்றன. சின்ன ஃபாலிக்கிள்கள் நிறைய இருந்தால் ஏஎம்ஹெச் அதிகம், குறைந்தால் குறைவு.

இதன் வசதி பெரிது. மாதவிடாய் கணக்குப் பார்க்க வேண்டாம், எந்த நாளிலும் ரத்தம் கொடுக்கலாம். எஃப்எஸ்ஹெச்சைவிடப் பல ஆண்டுகள் முன்னதாகவே இறங்கத் தொடங்குவதால் முன்கூட்டியே சொல்லும். திருமணமாகாத பெண்களுக்கு, பிறப்புறுப்பு வழியே கருவியைச் செலுத்தும் உள்வழி ஸ்கேன் செய்ய வீட்டார் தயங்குவார்கள், அவர்களே கூசுவார்கள். அவர்களுக்கு இது ஒரு ஊசிக் குத்தோடு முடிந்துவிடும். விலைதான் கூடுதல். எஃப்எஸ்ஹெச் சில நூறு ரூபாயில் முடியும், இது ஆயிரத்தைத் தாண்டும்.

ஆனால் இந்த வசதியே இதை எல்லா முழு உடல் பரிசோதனைத் திட்டங்களிலும் நுழைத்துவிட்டது. கேட்காத கேள்விக்குப் பதிலாக ஓர் எண் வீட்டுக்கு வருகிறது. அதனால்தான் இதைப் பற்றி நின்று பேச வேண்டியிருக்கிறது.

முதலாவது, அந்த எண்ணே வழுக்கும். கருத்தடை மாத்திரை சாப்பிடும் காலத்தில் ஏஎம்ஹெச் தாழ்ந்து காட்டும். நிறுத்திச் சில மாதங்களில் திரும்ப ஏறும். ஒவ்வோர் இயந்திரத்தின் அளவும் சற்று வேறுபடும், உலகம் முழுவதற்கும் ஒரே அளவுகோல் இன்னும் அமையவில்லை. முடி வளர்வதற்கென்று அதிக அளவு பயோட்டின் சாப்பிட்டால் சில இயந்திரங்களில் அளவு பிழையாக வரும். யூனிட்டும் இரண்டு. துபாயிலிருந்து விடுமுறைக்கு வந்த ஒரு பெண் எங்கள் கூடத்தின் கவுண்ட்டரில் நின்று அழுதது இப்போதும் நினைவிருக்கிறது. "போன வருடம் 14 இருந்தது, இப்போது 2 என்கிறீர்கள், ஒரு வருடத்தில் 12 போய்விட்டதா?" அங்கே கொடுத்த ரிப்போர்ட் பிக்கோமோல் கணக்கு, நாங்கள் கொடுத்தது நானோகிராம் கணக்கு. 14ஐ 7.14ஆல் வகுத்தால் வருவது 2. இரண்டும் ஒரே அளவுதான். அவளை நாற்காலியில் உட்காரவைத்துக் கால்குலேட்டரில் போட்டுக் காட்டினேன். மூன்று முறை போட்டுப் பார்த்த பிறகே நம்பினாள்.

இரண்டாவதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். ஏஎம்ஹெச் முட்டைகளின் எண்ணிக்கையைச் சாடையாகச் சொல்லும்; தரத்தைச் சொல்லாது. தரம் வயதோடு போவது. 40 வயதில் ஏஎம்ஹெச் 3 இருந்தாலும் அந்த முட்டைகளின் வயது 40தான். குரோமோசோம் பிழைகள் அந்த வயதுக்குரிய அளவில் இருக்கும். 30 வயதில் 0.8 இருப்பவளிடம் முட்டைகள் குறைவு, ஆனால் அவை 30 வயது முட்டைகள். இயற்கையாகக் கருத்தரிக்க மாதம் ஒரு நல்ல முட்டை போதும்.

இது வெறும் ஆறுதல் பேச்சில்லை. அமெரிக்காவின் வட கரோலினாவில், மலட்டுத்தன்மை வரலாறு இல்லாத, அப்போதுதான் குழந்தைக்கு முயலத் தொடங்கிய 30 முதல் 44 வயது வரையுள்ள 750 பெண்களைப் பின்தொடர்ந்தார்கள். 2017இல் முடிவு வெளியானது. ஏஎம்ஹெச் 0.7க்குக் கீழே இருந்தவர்களுக்கும் சரியாக இருந்தவர்களுக்கும் இயற்கையாகக் கருத்தரிக்கும் வாய்ப்பில் குறிப்பிடும்படியான வேறுபாடு தெரியவில்லை. இதற்குப் பின், 2019இல், அமெரிக்க மகப்பேறு மருத்துவர்களின் கல்லூரி, கருத்தரிப்பதில் சிக்கல் இல்லாத பெண்களுக்கு அவர்களுடைய வளத்தைக் கணிக்க ஏஎம்ஹெச் எடுக்க வேண்டாம் என்றே அறிவுறுத்தியது. என் தங்கை மகளின் ரிப்போர்ட்டில் அந்தச் சிவப்பு எழுத்துக்குப் பக்கத்தில் இந்த ஒரு வரியாவது இருந்திருக்க வேண்டாமா? ஒரு பெண்ணை ஒரு வாரம் தூங்கவிடாமல் செய்யும் எண்ணை அனுப்புபவர்களுக்கு அதன் பொருளையும் சேர்த்து அனுப்பும் கடமை இருக்கிறது என்று உறுதியாக நம்புகிறேன்.

எண் கூடுதலாக இருந்தால் மகிழ்ச்சி என்றும் எடுத்துக்கொள்ள முடியாது. பிசிஓஎஸ் என்ற சினைப்பை ஹார்மோன் கோளாறு உள்ள பெண்களுக்கு ஏஎம்ஹெச் வழக்கத்தைவிட இரண்டு, மூன்று மடங்கு ஏறியிருக்கும். ஃபாலிக்கிள்கள் நிறைய, ஆனால் எதுவும் ஒழுங்காக முதிர்ந்து வெடிப்பதில்லை. 2023இல் வந்த பன்னாட்டு வழிகாட்டுதல், வளர்ந்த பெண்களுக்கு பிசிஓஎஸ் கண்டறிவதில் ஸ்கேனுக்கு மாற்றாக ஏஎம்ஹெச்சைப் பயன்படுத்தலாம் என்கிறது. பள்ளிக்கூட வயதுப் பெண்களுக்கு அது பொருந்தாது.

கண்ணால் எண்ணுவது

மூன்றாவது வழி, மாதவிடாயின் தொடக்க நாட்களில் உள்வழி ஸ்கேன் செய்து இரண்டு சினைப்பைகளிலும் 2 முதல் 10 மில்லிமீட்டர் வரை இருக்கும் ஃபாலிக்கிள்களை எண்ணுவது. என் தங்கை மகளோடு நானும் அந்த அறைக்குள் போயிருந்தேன். சுவரில், இங்கே கருவின் பாலினம் சொல்லப்படாது என்று மராத்தியில் பலகை. திரையில் சாம்பல் நிறச் சினைப்பை, அதில் கறுப்புக் கறுப்பாகச் சின்ன வட்டங்கள். ஜவ்வரிசி வெந்து மிதப்பதுபோல இருந்தது. மருத்துவர் கருவியை மெல்லச் சாய்த்து ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கம் வரை போய், வாய்க்குள் எண்ணினார். வலப்பக்கம் 6, இடப்பக்கம் 5. இரண்டையும் சேர்த்து 5, 7க்குக் கீழே இருந்தால்தான் குறைவு என்று கொள்வது வழக்கம்.

இந்த எண்ணும் ஏஎம்ஹெச்சும் நம்பகத்தில் கிட்டத்தட்டச் சமம். ஸ்கேன் எண்ணுபவரின் கையையும் பொறுமையையும் பொறுத்தது. இன்றைக்கு 11 என்றவர் நாளைக்கு 9 என்னலாம். பருமனான உடலில் தெளிவு குறையும். ஆனால் ஸ்கேனில் கூடுதலாக ஒன்று கிடைக்கிறது: கருப்பையில் கட்டி, சினைப்பையில் பழைய ரத்தம் தேங்கி உண்டாகும் சாக்லேட் கட்டி எல்லாம் அதே பார்வையில் தெரிந்துவிடும். எந்த ரத்தப் பரிசோதனையிலும் அது தெரியாது. ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கச் சொன்னால், திருமணமான, குழந்தைக்கு முயலும் பெண்ணுக்கு நான் ஸ்கேனையே சொல்வேன்.

இன்ஹிபின் பி என்ற இன்னொரு ஹார்மோனைப் பார்ப்பது, குளோமிஃபீன் மாத்திரை கொடுத்து எஃப்எஸ்ஹெச் பார்ப்பது என்று இன்னும் சில உண்டு. இவற்றின் காலம் முடிந்துவிட்டது. யாராவது எழுதிக்கொடுத்தால் எதற்கு என்று கேளுங்கள்.

யாருக்கு எது

ஐவிஎஃப் செய்துகொள்ளத் தீர்மானித்துவிட்டவர்களுக்கு ஏஎம்ஹெச்சும் ஸ்கேன் எண்ணிக்கையும் உண்மையிலேயே பயன்படும். ஊசி மருந்தின் அளவை அதை வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள். ஏஎம்ஹெச் 1ஐச் சுற்றியோ அதற்குக் கீழோ இருந்தால் கிடைக்கும் முட்டைகள் சிலவே என்று முன்பே தெரிந்து மனத்தைத் தயார் செய்துகொள்ளலாம். 3.5க்கு மேலே போனால் சினைப்பைகள் அளவுக்கு மீறித் தூண்டப்பட்டு வயிற்றில் நீர் கோத்து ஆஸ்பத்திரியில் சேரும் அபாயம் உண்டு. மருந்தைக் குறைத்துத் தொடங்குவார்கள். மும்பையின் கேஇஎம் மருத்துவமனையில் 1986 ஆகஸ்டில் டாக்டர் இந்திரா ஹிந்துஜாவின் குழு ஐவிஎஃப் வழியாக ஹர்ஷா என்ற குழந்தையைப் பிறக்கவைத்தபோது இந்தச் சோதனை யாரிடமும் இல்லை. இன்றைக்கு இருக்கும்போது அதை அதற்குரிய இடத்தில் பயன்படுத்துவது நல்லதுதான்.

சாக்லேட் கட்டிக்கு அறுவைசிகிச்சை செய்யப் போகிறவர்கள் அதற்கு முன் ஏஎம்ஹெச் எடுத்தே ஆக வேண்டும் என்பேன். கட்டியை உரித்து எடுக்கும்போது நல்ல திசுவும் கொஞ்சம் கூடவே போகும்; அறுவைக்குப் பின் ஏஎம்ஹெச் இறங்குவது தெரிந்த விஷயம். முன்பே குறைவாக இருந்தால் முதலில் முட்டையைச் சேமிப்பதா, கட்டியை எடுப்பதா என்று பேச இடம் கிடைக்கும். புற்றுநோய்க்கு கீமோ தொடங்கும் இளம்பெண்களுக்கும் இதே விதி. அங்கே நாட்கள் எண்ணப்படுகின்றன. மூன்றாம் நாள் வரட்டும் என்று காத்திருக்க முடியாது, எந்த நாளிலும் எடுக்கக்கூடிய ஏஎம்ஹெச்தான் கைகொடுக்கும்.

தாய்க்கோ அக்காவுக்கோ 40க்கு முன்பே மாதவிடாய் நின்றிருந்தால், திருமணம் தள்ளிப்போகும் பெண் இருபதுகளின் பின்பாதியில் ஒரு முறை பார்த்துவைக்கலாம். இந்தியப் பெண்களின் சினைப்பை ஸ்பெயின் நாட்டுப் பெண்களைவிட ஏறக்குறைய 6 ஆண்டுகள் முந்தி முதிர்வதாக 2014இல் ஓர் ஆய்வு சொன்னது. அதனால் வெளிநாட்டு அட்டவணையைப் பார்த்துவிட்டு நிதானமாக இருக்கலாம் என்றும் நினைக்கக் கூடாது. முட்டையை உறையவைப்பதானால் 35க்கு முன் செய்வதில்தான் பலன் அதிகம். நம் நாட்டின் 2021ஆம் ஆண்டுச் சட்டப்படி 10 ஆண்டுகள் வரை சேமித்து வைக்கலாம்.

என் தங்கை மகளைப் போன்றவர்களுக்கு, அதாவது 35 வயதுக்குள், மாதவிடாய் ஒழுங்காக வந்து, இப்போதுதான் முயலத் தொடங்கியிருப்பவர்களுக்கு, எந்தச் சோதனையும் வேண்டாம் என்பதும் ஒரு தேர்வுதான். பெரும்பாலோருக்கு அதுவே சரியான தேர்வு. ஓராண்டு முயன்று தங்கவில்லை என்றால் மருத்துவரைப் பார்ப்பது. 35 தாண்டியவர்கள் ஆறு மாதத்தில். 40 தாண்டியவர்கள் உடனே.

இவளோ சோதனையைச் செய்துகொண்டு வந்துவிட்டாள். எண்ணைப் பார்க்காதது போல இருக்கச் சொல்ல முடியாது. "ரத்தம் கொடுத்தபோது மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தாயா?" என்று கேட்டேன். நிறுத்தி இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. மூன்று மாதம் கழித்து அதே கூடத்தில் மறுபடி கொடுக்கச் சொன்னேன், அதே இயந்திரம் என்பதற்காக. சித்திரையில் கொடுத்தாள்: 1.4. அவள் வயதுக்கு இன்னும் சற்றுக் குறைவுதான். பதறுவதற்குரிய அளவு இல்லை. அந்த மாதம்தான் ஸ்கேனும் எடுத்து 11 வந்தது. மருத்துவர் ஓராண்டு வரை இழுக்க வேண்டாம், ஆறு மாதம் பாருங்கள் என்றார். எனக்கும் அது நியாயமாகப் பட்டது.

இதற்கிடையில் அவள் மாமியார் ஊரிலிருந்து போன் செய்து, "வயிற்றில் ஒரு புழு பூச்சி உண்டா?" என்று கேட்டிருக்கிறார். அன்று இரவு அவள் என்னிடம் போனில் பேசியபோது எனக்குக் கோபம் வந்தது. மாமியார் மீது மட்டும் இல்லை. இத்தனை எண்களும் அவளுடைய உடம்பிலிருந்தே எடுக்கப்பட்டிருக்கின்றன. கணவரின் விந்துப் பரிசோதனையை யாரும் எழுதிக்கொடுக்கவும் இல்லை, கேட்கவும் இல்லை. ஏஎம்ஹெச்சைவிட அது மலிவு, வலியும் இல்லை. கருத்தரிக்காத தம்பதிகளில் ஏறத்தாழப் பாதிப் பேரிடம் ஆணின் பங்கும் இருக்கிறது. முட்டைக் கணக்குக்கு ஆயிரக்கணக்கில் கட்டும் முன் இதைச் செய்துவிட வேண்டும். கருக்குழாய் அடைப்பையும் ஏஎம்ஹெச் காட்டாது. நம் நாட்டில் பழைய காசநோயால் குழாய் அடைபட்ட பெண்கள் எத்தனையோ பேர், ஏஎம்ஹெச் 4 வைத்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்திருக்கிறார்கள்.

மாப்பிள்ளையை நானே போனில் கூப்பிட்டுச் சொன்னேன். கொஞ்சம் தயங்கினார், பிறகு அடுத்த சனிக்கிழமையே போய்க் கொடுத்துவிட்டு வந்தார். எண்ணிக்கை, அசைவு எல்லாம் சரியாக இருந்தன. இப்போதைக்கு இருவரும் ஆவணி வரை பார்ப்பதாக முடிவு. அதற்குள் தங்கவில்லை என்றால் முதலில் செய்யப்போவது கருக்குழாய் எக்ஸ்ரே. ஏஎம்ஹெச்சை மறுபடி எடுக்கப்போவதில்லை.